நம்ம ஆள்தானே! வாசகர் கேள்வி – பதில்

தொண்டு நிறுவனங்களிலும் பொது நிர்வாகத்திலும் ஆள் எடுப்பது, தலைமையை மாற்றுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பெயர், ஊர், நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நீளமான கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். திட்டி எழுதியவருக்கும் பதில் உண்டு, கடைசியில்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஆள் தேடுகிறோம். விண்ணப்பித்தவர்களில் எங்கள் அறங்காவலர் ஒருவரின் அண்ணன் மகளும் இருக்கிறார். உண்மையிலேயே தகுதியான பெண். சொந்தக்காரர் என்பதற்காகவே ஒதுக்குவதும் அநியாயம்தானே? எடுத்தால் நாலு பேர் பேசுவார்கள். என்ன செய்யலாம்? (செயல் இயக்குநர்)

பதில்: ஒதுக்க வேண்டாம். ஆனால் "தகுதியான பெண்" என்று எப்போது முடிவு செய்தீர்கள்? எல்லா விண்ணப்பங்களையும் படித்து மதிப்பெண் போட்ட பிறகா, பெயரைப் பார்த்த அன்றைக்கேவா? உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மற்ற விண்ணப்பதாரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

வேலைக்கான தகுதிகளை எழுதி வெளியிட்டது அந்தப் பெண் விண்ணப்பிக்கும் முன்பா, பின்பா என்று பாருங்கள். பின்பு என்றால், அதுவும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருடைய பயோடேட்டாவுக்கு மட்டும் பொருந்துகிற தகுதிகள் என்றால், மேற்கொண்டு எதைச் சரியாகச் செய்தாலும் பிரயோஜனம் இல்லை, மறுபடி விளம்பரம் கொடுப்பதுதான் வழி. முன்பே எழுதியது என்றால் அந்தத் தகுதிப் பட்டியலில் இனி ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள்.

அப்புறம் அந்த அறங்காவலர். உறவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விண்ணப்பங்கள் அவர் கைக்குப் போகக் கூடாது, விவாதம் நடக்கும்போது அவர் அறையிலேயே இருக்கக் கூடாது. "நான் ஓட்டுப் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்பார். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் சிக்கலே. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய அண்ணன் மகளுக்கு அனுபவம் போதாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு வரி வேண்டும்: "விண்ணப்பதாரர் ஒருவர் தம் உறவினர் என்று தெரிவித்து அறங்காவலர் இன்னார் 3.10-க்கு வெளியேறினார், முடிவெடுத்த பின் 3.55-க்குத் திரும்பினார்." நேரம் போடுவது அற்பமாகத் தெரியலாம். இரண்டு வருடம் கழித்து யாராவது புகார் எழுதும்போது உங்களையும் அந்தப் பெண்ணையும் காப்பாற்றப்போவது அந்த இரண்டு எண்கள்தான்.

இதெல்லாம் செய்தும் அவரே முதலிடம் வந்தால் தாராளமாக எடுங்கள். எடுத்த பிறகுதான் நிஜமான தலைவலி, அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உங்கள் சம்பளத்தையும் பதவி நீட்டிப்பையும் முடிவு செய்கிற குழுவில் அந்தப் பெண்ணின் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார், நீங்கள் அந்தப் பெண்ணுக்கு ஆண்டு மதிப்பீடு எழுத வேண்டும். சுமாரான வேலையைச் சுமார் என்று எழுதுவீர்களா? அவருடைய மதிப்பீடு, சம்பள உயர்வு, அவர் மீதான புகார் இந்த மூன்றிலும் அந்த அறங்காவலருக்குப் பங்கு இல்லை என்பதையும், உங்களோடு இன்னொருவரும் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவார் என்பதையும் பணி ஆணை கொடுக்கும் முன்பே எழுதி முடித்துவிடுங்கள். அதை அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் முணுமுணுப்பை அனுபவிக்கப்போவது அவர்தானே.

ஒரே ஒரு விலக்கு. அந்த அறங்காவலர் பொருளாளராக இருந்து, இந்தப் பெண் எழுதும் செலவுச் சீட்டுகளுக்கு அவர் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தால், இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும். அதற்கு எந்த நடைமுறையும் மருந்தாகாது.

கேள்வி: இருபது வருடமாக ஆள் எடுக்கிறேன். ஐந்து நிமிடம் பேசினால் போதும், இந்த ஆள் சேவை மனப்பான்மை உள்ளவரா இல்லையா என்று தெரிந்துவிடும். புதிதாக வந்த மேலாளர் மதிப்பெண் தாள், ஒரே மாதிரி கேள்விகள் என்று உயிரை வாங்குகிறார். மனிதர்களை எடை போட மார்க் ஷீட் எதற்கு?

பதில்: அந்த மேலாளரை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்வதுதான் சரி.

ஆள் தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, பால் சாக்கெட் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் 2022-ல் மறுகணக்குப் போட்டார்கள். ஒருவர் பின்னாளில் எவ்வளவு நன்றாக வேலை செய்வார் என்பதை எந்த முறை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதுதான் கேள்வி; 0 என்றால் வெறும் குருட்டாம்போக்கு, 1 என்றால் அச்சுப் பிசகாத கணிப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் விதிகள் என்று நடத்தும் நேர்காணலுக்கு 0.42, அதுதான் பட்டியலிலேயே முதலிடம். உங்கள் பாணியில் மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.19. வெறுமனே எத்தனை வருட அனுபவம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு 0.07. (முதலிடமே 0.42 தான் என்பதையும் கவனியுங்கள், ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று யார் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருவது அதனால்தான்.)

ஐந்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் உங்களைப் போலப் பேசுகிறாரா என்பதுதான். அதே பேச்சு, அதே படிப்பு, அதே நகைச்சுவை. அதற்கு நாம் வைத்திருக்கும் கௌரவமான பெயர் சேவை மனப்பான்மை.

மாற்றாக இப்படிச் செய்து பாருங்கள். வருகிற எல்லோரிடமும் ஒரே சூழ்நிலையைக் கொடுங்கள்: "பயனாளி ஒருவர் புகார் கொடுக்கிறார். புகார் உங்கள் நிறுவனத்தின் மிகச் சிறந்த களப்பணியாளர் மீது. முதல் நாள் என்ன செய்வீர்கள்?" நல்ல பதிலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முதல் ஆள் உள்ளே வரும் முன்பே எழுதி வையுங்கள். புகார் கொடுத்தவரின் பாதுகாப்பை முதலில் பார்த்தாரா, தானே துப்பறியக் கிளம்பாமல் உரியவரிடம் எழுத்தில் கொண்டுபோனாரா, விஷயத்தை வெளியே கசியவிடாமல் இருப்பாரா, களப்பணியாளரையும் கேட்காமலே குற்றவாளி ஆக்காமல் இருப்பாரா. மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள். ஒருவர் 4 போட்டு இன்னொருவர் 1 போட்டிருந்தால் சண்டை போடாதீர்கள், இருவரும் எந்த வாக்கியத்தைக் கேட்டு அந்த எண்ணைப் போட்டார்கள் என்று கேளுங்கள். உங்களுடைய இருபது வருட அனுபவம் உண்மையாகவே பயன்படுகிற இடம் அதுதான்.

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் நியமனப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு நியமனத்தின்போதும் மேலிடத்திலிருந்து போன் வரும். "நம்ம ஆள்தான், கொஞ்சம் பார்த்துக்கங்க" என்பார்கள். முடியாது என்றும் சொல்ல முடிவதில்லை.

பதில்: இந்த வியாதி எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் தேர்தலில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கு போட்டுக் கொடுப்பது ஒளிவுமறைவே இல்லாத வழக்கமாக இருந்தது. 1881-ல் ஜேம்ஸ் கார்ஃபீல்டு அதிபரானபோது, தான் கட்சிக்காக எழுதிய உரைக்குக் கைம்மாறாகத் தூதரகப் பதவி கிடைக்க வேண்டும் என்று நடையாய் நடந்த சார்லஸ் கீட்டோ என்பவன், கிடைக்காத ஆத்திரத்தில் ஜூலை மாதம் அவரைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான் போட்டித் தேர்வு வழியே நியமனம் என்கிற பென்டில்டன் சட்டம் 1883-ல் வந்தது. அதிலும் வேடிக்கை, கார்ஃபீல்டுக்குப் பின் அதிபராகி அதில் கையெழுத்துப் போட்ட செஸ்டர் ஆர்தரே சிபாரிசு அரசியலில் வளர்ந்து வந்தவர். தொடக்கத்தில் அந்தச் சட்டம் மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொட்டது, மீதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரே நாளில் நீங்கள் இதை மாற்றிவிட முடியாது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. போனில் "முடியாது" என்றும் சொல்லாதீர்கள், "பார்க்கிறேன்" என்றும் சொல்லாதீர்கள். "குறித்த தேதிக்குள் விண்ணப்பம் வந்திருந்தால் மற்றவற்றோடு சேர்த்துப் பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கே அதையே ஒரு கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அவருக்கு அனுப்புங்கள்: "இன்று காலை தாங்கள் தொலைபேசியில் தெரிவித்த பெயர் தொடர்பாக..." என்று ஆரம்பித்து. நகல் கோப்பில் இருக்கட்டும். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சொன்னது எழுத்தாகிவிட்டது. எழுத்தில் வரும் என்று தெரிந்தால் அடுத்த போன் செய்யும் முன் ஒரு தடவை யோசிப்பார்கள்.

இதற்கு விலை இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இடமாற்றம் வரலாம், ரகசிய அறிக்கையில் ஒரு வரி விழலாம். அதனால் தனியாகச் செய்யாமல், உங்கள் பிரிவில் இதுவே எல்லோருக்குமான வழக்கம் என்று ஆக்கப் பாருங்கள். ஒருவர் செய்தால் திமிர் என்பார்கள், எல்லோரும் செய்தால் நடைமுறை என்று விட்டுவிடுவார்கள்.

அந்த விண்ணப்பதாரர் மீது கோபத்தைக் காட்டி மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடாது. மாமா போன் செய்தது பல நேரம் அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்காது.

கேள்வி: எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் மீது பெண் ஊழியர்கள் புகார் கொடுத்தார்கள். விசாரணை முடியும் முன்பே அவர் ராஜினாமா செய்தார், நாங்களும் விட்டது தொல்லை என்று ஏற்றுக்கொண்டோம். இப்போது வேறொரு நிறுவனம் அவரைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடலாமா? வழக்குப் போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுத நிறைய யோசித்தேன்.

2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் நிவாரண வேலை செய்த ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தில், ஊழியர்கள் சிலரின் பாலியல் நடத்தை பற்றி 2011-ல் உள்விசாரணை நடந்தது. சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஹைட்டியில் ஆக்ஸ்ஃபாமின் இயக்குநராக இருந்தவருக்கோ ராஜினாமா செய்துவிட்டுப் போக முடிந்தது. பிறகு அவர் வங்கதேசத்தில் இன்னொரு உதவி அமைப்பின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தபோது எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று அந்த அமைப்பு பின்னால் சொன்னது. 2018-ல் எல்லாம் பத்திரிகையில் வெடித்தபோது ஆக்ஸ்ஃபாம் ஆயிரக்கணக்கான நன்கொடையாளர்களை இழந்தது. அன்றைக்கும் யாரோ ஒருவர் உங்களைப் போலவே விட்டது தொல்லை என்று நினைத்திருப்பார். தொல்லை முகவரி மாறிப் போனது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு 2019-ல் மனிதநேய அமைப்புகள் சேர்ந்து ஒரு தகவல் பகிர்வுத் திட்டம் தொடங்கின. இறுதித் தேர்வுக்கு வந்தவருடைய கடந்த ஐந்து வருட வேலை இடங்களில், பாலியல் சுரண்டல், அத்துமீறல், தொந்தரவு பற்றி ஏதாவது முடிவானதா, விசாரணை நிலுவையில் இருக்கிறதா என்று குறிப்பாக ஒரு படிவத்தில் கேட்பது, அதற்குப் பதில் சொல்வது. பொதுவாக "இவர் எப்படி?" என்று கேட்டால் நல்லவர், வல்லவர் என்று மழுப்பலாம். படிவத்தில் நேராகக் கேட்கும்போது மழுப்பினால் அது பொய் ஆகிவிடும்.

உங்கள் விஷயத்தில், வதந்தியை எழுதாதீர்கள், தீர்ப்பையும் எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்தத் தேதியில் புகார் வந்தது, விசாரணை தொடங்கியது, முடியும் முன் அவர் விலகினார், எனவே முடிவு எட்டப்படவில்லை. இது அவருக்கும் நியாயம், ஏனென்றால் குற்றம் நிரூபணமானது என்று நீங்கள் சொல்லவில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அனுப்பும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். புகார் கொடுத்தவர்களின் பெயர் எக்காரணத்தைக் கொண்டும் வெளியே போகக் கூடாது.

இனிமேல் யாராவது பாதியில் ராஜினாமாக் கடிதம் நீட்டினால், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விசாரணையை நிறுத்தாதீர்கள். ஆள் போனாலும் முடிவை எழுதி முடிக்க முடியும். அந்தப் பெண்களிடம் என்ன முடிவாயிற்று என்று நீங்கள் இதுவரை சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை.

கேள்வி: சம்பளத்தை விளம்பரத்தில் போடாமல் "தகுதிக்கேற்ப" என்று போடுகிறோம். பணத்துக்காக வருபவர்களை வடிகட்ட அதுதான் நல்ல வழி என்கிறார் எங்கள் தலைவர்.

பதில்: வடிகட்டப்படுவது பணத்துக்காக வருபவர்கள் அல்ல, வாடகை கட்ட வேண்டியவர்கள். போடுங்கள். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு சம்பளம், தெரியாதவருக்கு ஒரு சம்பளம் என்று ஆவதும் அதோடு நிற்கும்.

கேள்வி: நிறுவனத்தை ஆரம்பித்தவர் ஓய்வு பெறுகிறார். வாரிசாக ஒருவரை அவரே கைகாட்டிவிட்டார், தானும் ஆலோசகராகக் குழுவில் தொடர்வாராம். அவர் இல்லாமல் இந்த நிறுவனமே இல்லை, அவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது?

பதில்: அவர் இல்லாமல் நிறுவனமே இல்லை என்பது உண்மையாக இருந்தால், அவரும் குழுவும் தங்கள் வேலையில் ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெரிய பெயர்களின் முன்னால் குழுக்கள் வாயடைத்து நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நன்கொடை திரட்டித் தரும் அமெரிக்கத் தொண்டு அமைப்பான யுனைடெட் வேயைச் சொல்லலாம். வில்லியம் அராமோனி 1970-லிருந்து அதன் தலைவர், நாடு தழுவிய அமைப்பாக அதை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய செலவுகள் பற்றிய செய்திகள் வெளிவந்து 1992-ல் விலகினார், 1995-ல் மோசடிக் குற்றத்துக்காக ஏழு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். உங்கள் நிறுவனர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, தங்கமானவராகவே இருக்கட்டும். தங்கமானவரையும் கேள்வி கேட்டுப் பழகியிராத குழு, அடுத்து வருபவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் கேட்காது.

கைகாட்டப்பட்டவர் விண்ணப்பிக்கட்டும், மற்றவர்களும் விண்ணப்பிக்கட்டும். நிறுவனரிடம் அடுத்த ஐந்து வருடத்துக்கு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று விரிவாக எழுதி வாங்குங்கள், அந்த அறிவு வேறு யாரிடமும் இல்லை. யார் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். ஆலோசகர் பதவிக்கு முடிவுத் தேதி ஒன்று போடுங்கள், குறைந்தது முதல் வருடம் அவர் குழுக் கூட்டத்தில் உட்காரக் கூடாது, புதியவர் கூப்பிட்டால் மட்டும் வரட்டும். இல்லாவிட்டால் நடக்கப்போவது இதுதான்: புதியவர் ஒரு செலவைக் குறைப்பார், பழைய ஊழியர்கள் நேராக நிறுவனர் வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் அந்தச் செலவு திரும்ப வந்துவிடும்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்கிறோம், எங்கள் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லை. எடுக்கலாம் என்றால் "திறமையில் சமரசம் கூடாது" என்கிறார்கள்.

பதில்: ஐ.நா. சாசனத்தின் 101-வது பிரிவில் பணியாளர் தேர்வு பற்றி ஒரு பத்தி இருக்கிறது. செயல்திறன், தகுதி, நேர்மை இவற்றில் மிக உயர்ந்த தரமே முதன்மையானது என்கிறது. கூடவே அதே பத்தியில், முடிந்தவரை உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆள் எடுப்பதற்கு உரிய கவனம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1945-ல் எழுதியவர்களுக்கு இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று தோன்றவில்லை.

உங்கள் தகுதிப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியிலும் "இது இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?" என்று கேளுங்கள். மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வாகன ஓட்டுநர் உரிமம் கேட்டிருப்பீர்கள், கணக்கு எழுத முதுகலைப் பட்டம் கேட்டிருப்பீர்கள். யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவர்கள் வாழ்க்கையை உள்ளிருந்து தெரிந்திருப்பதை மட்டும் ஒரு தகுதியாகவே எழுதியிருக்க மாட்டீர்கள். அதை எழுதுங்கள், மதிப்பெண் கொடுங்கள். நேர்காணல் மாடியில், லிஃப்ட் கிடையாது என்றால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

கேள்வி: நன்கொடையாளர் ஒருவர் பெரிய தொகை தருகிறேன், ஆனால் இன்னாரை நிதி மேலாளர் ஆக்க வேண்டும் என்கிறார்.

பதில்: வேண்டாம். தணிக்கை அறிக்கை அனுப்புகிறோம், செலவை எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். தன் பணத்தைப் பற்றிய கவலை மட்டும் என்றால் அது போதும் அவருக்கு. போதாது என்றால் அவர் கேட்பது வேறு.

கேள்வி: இதையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் மொத்தம் நாலு பேர். மூன்று பேர் மார்க் போட வேண்டும், ஒருவர் வெளியே போக வேண்டும் என்றால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள்!

பதில்: மின்விசிறிதான், அதுவும் சத்தம் போடும்.

நாலு பேர் என்றால் இன்னும் எளிது. இதே வேலை செய்யும் இன்னொரு சின்ன நிறுவனத்திலிருந்து ஒருவரை அரை நாளுக்கு வரச் சொல்லுங்கள். விண்ணப்பித்தவர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது, உங்கள் உள்சண்டையும் தெரியாது. நீங்கள் ஒருவர், அவர் ஒருவர், முன்பு உங்களிடம் பயன்பெற்றவர் ஒருவர், மூன்று ஆயிற்று. ஒரு பக்கத் தாளில் ஐந்து தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், விளம்பரம் போகும் முன்பே எழுதித் தேதி போட்டு ஒரு கவரில் வைத்துவிடுங்கள். தேர்வாகாதவர்களுக்கும் நாலு வரி பதில் எழுதிப் போடுங்கள், பெரிய நிறுவனங்கள் பல இதைச் செய்வதே இல்லை. பக்கத்து நிறுவனம் ஆள் எடுக்கும்போது நீங்கள் அரை நாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.